ஆட்டோமேட்டிக் கியர் லாரி: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

(லாரி வைத்திருக்கும் குடும்பங்களுக்காகவும் ஓட்டுநர்களுக்காகவும் நமது அறக்கட்டளை அரங்கில், அஸர் தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த அரங்கில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றித்தான் பேசுவோம். இன்று லாரியின் கியர் பாக்ஸ் பற்றிப் பேச்சு என்றதும் சிலர் சிரித்தீர்கள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். பனியன் கம்பெனி, பாத்திரப் பட்டறை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, நம் பகுதியில் பல வீடுகளுக்குச் சோறு போடுவது வண்டிதான். அந்த வண்டி நின்றுபோனால், அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்த மாதம் நம்மிடம்தான் மனு வருகிறது.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடுதான் சொல்கிறோம்.

பல வருடம் பிறரிடம் ஓட்டுநராக இருந்தவர் அவர். சொந்த வண்டி வாங்க வேண்டும் என்று வட்டியில்லாக் கடன் கேட்டு வந்தார். நாங்கள் இரண்டு லட்சம் கொடுத்தோம். மனைவியின் நகை, மச்சானிடம் கைமாற்று, இருந்த சேமிப்பு எல்லாம் சேர்த்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் ஒரு டிரெய்லர் வண்டியைப் பழையதாக வாங்கினார். ஆறு வருட வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். கடன் கொடுக்கும்போது நாங்கள் என்னென்ன கேட்டோம் தெரியுமா? ரேஷன் கார்டு கேட்டோம், ஜமாஅத் கடிதம் கேட்டோம், இரண்டு ஜாமீன்தாரர் கேட்டோம். வண்டியின் சர்வீஸ் நோட்டை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான்கைந்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு காலை வேளையில் கியர் விழத் தயங்கியது. டிஸ்பிளேயில் எச்சரிக்கை விளக்கு வரும்; சாவியை அணைத்துப் போட்டால் போய்விடும். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினார். ஒரு நள்ளிரவில், திண்டுக்கல் அருகே, வண்டி நியூட்ரலில் நின்றது. கியர் விழவே இல்லை. டிரெய்லரைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டி லோடை அனுப்பிவிட்டு, முன்வண்டியை மட்டும் மதுரை வரை கட்டி இழுத்துப் போனார்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. முதல் பழுது சிறியது. கியரை மாற்றும் காற்று வால்வுகளில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தன. காலத்தில் சில ஆயிரம் செலவழித்திருந்தால் அது வந்தே இருக்காது. இரண்டாவது பழுது பெரியது. இழுத்துப் போன வழியில் கியர் பாக்ஸின் உள்ளே பேரிங்குகள் எண்ணெயில்லாமல் தேய்ந்து கருகிவிட்டன. அதற்குக் கேட்ட தொகை பல லட்சம். வண்டியை வந்த விலைக்கு விற்றார். இன்று மறுபடியும் பிறரிடம் ஓட்டுநர். நகை திரும்பவில்லை. எங்கள் கடனை மாதம் தவறாமல் கட்டிவருகிறார். அதை வாங்கும்போதெல்லாம் எங்கள் கை கூசுகிறது.

அவர் சோம்பேறி இல்லை, நல்ல ஓட்டுநர். தெரியாததால் கெட்டார். அவருக்குச் சொல்லித்தர வேண்டிய நாங்களும் தெரியாதவர்களாக இருந்தோம். அதன் பிறகு பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் அந்தக்கால லேலண்ட் காமெட் ஓட்டியவர்கள். டபுள் கிளட்ச் அடித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து கியர் போட்டவர்கள். அந்தக் காதும் கையும் காலும் செய்த வேலையைத்தான் இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. பொதுவாக ஆட்டோமேட்டிக் என்று சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, முழு ஆட்டோமேட்டிக். இதில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் கிடையாது; டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் எண்ணெய் வழியாகச் சக்தி போகிறது. எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் முறைக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்றார், அதுவும் கப்பலுக்காக. இன்று தீயணைப்பு வண்டி, பஸ், சில டிப்பர்களில் இதைப் பார்க்கலாம். இந்த வகையில் பேர்பெற்ற அல்லிசன் நிறுவனத்தின் தொழிற்சாலை நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. இந்த வகைக்கு எண்ணெய்தான் உயிர். எண்ணெயும் ஃபில்டரும் காலத்தில் மாற வேண்டும். சூடு எல்லை மீறக் கூடாது.

மற்றொன்று, ஏ.எம்.டி. நம்மவர்கள் வாங்கும் சரக்கு லாரிகளில் வருவது பெரும்பாலும் இதுதான். வோல்வோ 2001-இல் ஐ-ஷிஃப்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகையே. ஐரோப்பாவில் நீண்டதூர லாரிகளுக்கு இன்று இதுவே வழக்கம். நம் நாட்டில் அசோக் லேலண்ட், டாடா, ஒரகடத்தில் 2012 முதல் வண்டி தயாரிக்கும் பாரத் பென்ஸ் எல்லாரும் இதைத் தருகிறார்கள். இதன் உள்ளே இருப்பது பழைய சாதாரண கியர் பாக்ஸ்தான். அதே பல்சக்கரம், அதே ஷாஃப்ட், அதே கிளட்ச் பிளேட். கிளட்ச் மிதிக்கும் காலுக்கும் கியர் தள்ளும் கைக்கும் பதிலாகக் காற்று வால்வும், சென்சாரும், கம்ப்யூட்டரும் வந்திருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இரும்பு பழைய இரும்புதான். கம்ப்யூட்டர் தப்பான கியர் போடாது, பல்லை உரசாது. ஆகவே பல்சக்கரங்கள் முன்னைவிட நீண்ட நாள் உழைக்கும். முழங்கால் தேய்ந்த மூத்த ஓட்டுநருக்கும் இது பெரிய நிம்மதி. கெடுவது பெரும்பாலும் அந்தப் புதிய கையும் காலும்தான். அவற்றைக் கெடுப்பவை தண்ணீர், பிசுக்கு, பலவீனமான பேட்டரி, பின் நம்முடைய பழைய பழக்கங்கள்.

முதலாவது, காற்று. பிரேக்குக்குப் போகும் அதே காற்றுதான், ஏறத்தாழ 8 முதல் 10 பார் அழுத்தத்தில், கியர் மாற்றவும் போகிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது ஏர் டிரையர். அதன் கேட்ரிட்ஜ் நிறைந்துவிட்டால் ஈரம் நேராக வால்வுக்குப் போகும். இதைச் சோதிக்கப் படிப்பு வேண்டாம், நம் ஊர் வெள்ளை பனியன் வேஸ்ட் துணி போதும். வாரம் ஒரு முறை காலையில் ஏர் டேங்கின் அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறந்து, துணியைப் பிடியுங்கள். துணி உலர்ந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் வந்தால் டிரையர் வேலை செய்யவில்லை. கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளுகிறது. கேட்ரிட்ஜை மட்டும் மாற்றிப் பயனில்லை, கம்ப்ரஸரையும் பார்க்க வேண்டும். அந்தச் சகோதரரின் வண்டியில் இந்தத் துணியை ஒருவராவது ஒரு நாள் பிடித்திருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது, எண்ணெய். கைக்குக் கிடைத்த தொண்ணூறு ஆயிலை ஊற்றாதீர்கள். ஏ.எம்.டி. பலவற்றுக்கு மெல்லிய சிந்தெடிக் ஆயில் வேண்டும். எந்த ரகம், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கையேட்டின்படி வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள். போலி டப்பா மலிவாகத்தான் கிடைக்கும். கியர் பாக்ஸ் மலிவாகக் கிடைக்காது.

மூன்றாவது, கிளட்ச். பெடல் இல்லை என்பதால் கிளட்ச் பிளேட்டே இல்லை என்று நினைக்கிறோம். மேட்டில் வண்டியைப் பிரேக்கில் நிறுத்தாமல், லேசாக ரேஸ் கொடுத்துப் பிடித்து வைக்கிறோம். துறைமுக வாசல் வரிசையில் அடி அடியாக ஊர்கிறோம். ஒவ்வொரு அடியிலும் பிளேட் பாதி ஒட்டி பாதி வழுக்கிச் சூடாகிறது. பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே நகர்வாகப் போங்கள். கருகல் வாடை வந்தால் அது முதல் எச்சரிக்கை. பிளேட் மாற்றிய பின், புதிய பிளேட் எங்கே ஒட்டுகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு லேப்டாப் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத பட்டறை வேலையைப் பாதியில் விட்டது என்று பொருள்.

நான்காவது, மின்சாரம். 24 வோல்ட் பேட்டரி சோர்ந்தால் கம்ப்யூட்டர் தடுமாறும். இல்லாத பழுதை இருப்பதாகக் காட்டும். கியர் பாக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் பேட்டரி முனையையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்து பாருங்கள். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பையும், கையேடு சொல்லும் கம்ப்யூட்டர் பிளக்குகளையும் கழற்றச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் கியர் பாக்ஸின் ஒயர் பிளக் மீதும், மூச்சுக்குழாய் மீதும் நேராகத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

ஐந்தாவது, இழுத்துப் போவது. கியர் பாக்ஸின் உள்ளே எண்ணெயைத் தூவும் பம்ப் இன்ஜின் பக்கத்திலிருந்து சுழல்கிறது. இன்ஜின் அணைந்த வண்டியை இழுத்தால் சக்கரம் சுழன்று ஷாஃப்ட்டைச் சுழற்றும், எண்ணெய் மட்டும் வராது. புரோபெல்லர் ஷாஃப்டைக் கழற்றாமல் இழுக்கவே கூடாது. கழற்ற ஆள் வரும்வரை ஓரமாக நிற்கட்டும். அரை நாள் தாமதம் தாங்கும்.

ஆறாவது, இறக்கத்தில் நியூட்ரல். இது வண்டிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனை விபத்து என்று ஓட்டுநர்களுக்கே தெரியும். டிரைவ் நிலையிலேயே, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்குங்கள். நூறு ரூபாய் டீசலுக்காக வீட்டில் காத்திருப்பவர்களைப் பணயம் வைக்காதீர்கள்.

நம் அனுப்பர்பாளையத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க ஒரே ஒரு வார்த்தை போதும்: ஈயம். பித்தளைப் பாத்திரம் மூன்று தலைமுறை வருகிறது என்கிறோம். பித்தளையின் வலிமை மட்டுமா காரணம்? தேயத் தேய யாரோ ஈயம் பூசி வைத்தார்கள். பூசாத பாத்திரம் சோற்றையே கெடுக்கும். கேட்ரிட்ஜும் ஆயிலும்தான் லாரியின் ஈயம்.

இனி, பழைய வண்டி வாங்குபவர்களுக்கு. பெயிண்டையும் டயரையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். லேப்டாப் வைத்துக் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பழுதுகளையும், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டுங்கள், பிறகு லோடோடு மேட்டில் ஓட்டுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை வந்ததும் டீசல், தவணை, வீட்டுச் செலவு என்று பிரிகிறது. வண்டிக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் தனியே எடுத்து வையுங்கள். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 8,000 ரூபாய். இந்தக் கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். எந்த நாள் எந்த எண்ணெய் மாற்றியது, எந்த நாள் கேட்ரிட்ஜ் மாற்றியது என்று எழுதி, பில்லை ஒட்டி வையுங்கள். ஓட்டுகிறவர் களைத்து வந்து மறப்பார். நீங்கள் மறக்க மாட்டீர்கள். நாளை வண்டியை விற்கும்போது அந்த நோட்டே நல்ல விலை வாங்கித் தரும்.

பிறருடைய வண்டியை ஓட்டும் சகோதரர்களே, அந்த வண்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எச்சரிக்கை விளக்கு வந்தால் மறைக்காமல் அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள். முதலாளிகளே, சொன்னவர் மீது எரிந்து விழாதீர்கள். நீங்கள் ஒரு தடவை எரிந்து விழுந்தால், அடுத்த தடவை அவர் சாவியை அணைத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போவார்.

அறக்கட்டளை நிர்வாகம் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. இனி வண்டிக்குக் கடன் கேட்பவர், தகுந்த மெக்கானிக்கின் சோதனை அறிக்கையும் சர்வீஸ் பதிவும் இணைக்க வேண்டும். சோதனைக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும். கடனின் முதல் மூன்று மாதத் தவணைத் தொகையை எங்களிடம் கட்டாமல் பராமரிப்புக்கென்று தனியே வைக்கலாம். ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளில் இந்தப் புதிய கியர் பாக்ஸ் வேலையைப் படிக்க முன்வருபவருக்குப் பயிற்சிக் கட்டணம் தருவோம். ஊருக்குள் தெரிந்த ஒருவர் இருந்தால், நள்ளிரவில் திண்டுக்கல்லில் நிற்பவர் போன் செய்து கேட்க ஓர் இடம் இருக்கும்.

அந்தச் சகோதரர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். தன் நஷ்டத்தை மற்றவருக்குப் பாடமாக்கச் சம்மதித்த பெருந்தன்மைக்கு அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. இன்ஷா அல்லாஹ், அவர் மீண்டும் சொந்த வண்டி வாங்கும் நாளில், சர்வீஸ் நோட்டை முதலில் கேட்பவர்கள் நாங்களாக இருப்போம்.

உங்கள் உழைப்பிலும் பயணத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.