கட்டிவைக்கும் வேர்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ அந்த ஆசிரியரிடம் தாவரவியல் படித்தவன் நான். ஒரு நாள் விடியற்காலையில் எங்களைப் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுக்கு அழைத்துப் போனார். அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அலையாத்தி மரங்களின் நடுவே படகை நிறுத்தச் சொன்னார். வெண்கண்டல் இலை ஒன்றைக் கிள்ளி நீட்டி, “நக்கிப் பாருங்கடா” என்றார். இலைமேல் பொடிமணல் போல வெள்ளைத் துகள்கள். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன என்று விளக்கினார்.

இன்று என் மாணவர்களை அழைத்துப் போனால் அந்த இலையைக் காட்டுவேன். நக்கச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியக் கழிமுகங்களில் இதே வெண்கண்டலை ஆராய்ந்தவர்கள், அச்சுரப்பிகள் வழியே துத்தநாகமும் செம்பும் கசிவதைக் கண்டார்கள். காரீயமோ பெரும்பாலும் வேரைத் தாண்டவில்லை. எதை மேலே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்று மரம் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய என் பேச்சு அந்த வாசலைப் பற்றியதுதான்.

துத்தநாகமும் செம்பும் மரத்துக்கு வேண்டியவை, கறிக்கு உப்பு வேண்டியிருப்பது போல. அளவு மீறினால் அவையும் நஞ்சு. காட்மியம், காரீயம், பாதரசம் மூன்றும் எந்த அளவிலும் மரத்துக்குப் பயன்படுவதில்லை. துத்தநாகத்தைப் போலவே நடந்துகொள்ளும் காட்மியம், அதற்குத் திறக்கும் கதவு வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். நுழைந்ததைச் சமாளிக்க மரம் கந்தகம் நிறைந்த சிறு புரதச் சங்கிலிகளைச் செய்கிறது. ஃபைட்டோகெலட்டின் என்று பெயர், 1985இல் கண்டறிந்தார்கள். கந்தகம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதை மரம் தன் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் கொண்டுபோய் அடைத்துவிடும். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் தம் இழைகளில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. இத்தனையும் போதாமல் போனால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது: இளம் இலை மஞ்சளிக்கும், வேர்நுனி தடித்துக் கறுக்கும், வளர்ச்சி நிற்கும்.

அலையாத்திக்கு இன்னொரு காவலும் உண்டு. தேங்காய்த்திட்டுச் சேற்றில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மை போல் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். காற்றே புகாத அந்தச் சேற்றுக்குள் மரம் தன் மூச்சுவேர்கள் வழியே காற்றை இறக்குகிறது. வேரைச் சுற்றிக் கசியும் அந்தக் காற்று பட்டு, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வேர்மேல் செம்பழுப்புத் தோலாகப் படிகிறது. பல உலோகங்கள் அந்தத் துருவிலேயே ஒட்டிக்கொள்ளும். வேருக்கு அப்பால் உள்ள கறுஞ்சேற்றில் கந்தகம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும்.

நேர்மாறான மரமும் இருக்கிறது. நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட நியூ கலிடோனியாவில், நிக்கல் மலிந்த மண்ணில் வளர்வது. சப்போட்டா, இலுப்பை, மகிழம், நம் கோயில் காடுகளின் உலக்கைப்பாலை எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். சப்போட்டாக் காயின் காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அந்த மரத்தைக் கீறினால் நீலப்பச்சையாக வடிகிறது. 1976இல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பாலை உலர்த்தினால் எடையில் கால் பங்கு நிக்கல்! எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்து, தனக்குக் கேடில்லாமல் சுமக்கிறது.

இதைக் கேட்டதும் பலர், “அப்படியானால் மரம் நட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிடலாமே” என்கிறார்கள். இந்த எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. உலோகம் மட்குவதில்லை, எரிந்து அழிவதும் இல்லை. மரம் அதை அழிப்பதில்லை, கட்டிவைக்கிறது. உதிர்ந்த இலை மட்கினால் இலையில் இருந்தது மண்ணுக்குத் திரும்பும். சருகைக் கொளுத்தினால் சாம்பலிலும் புகையிலும் போய்ச் சேரும்.

கொடைக்கானலை நினைத்துப் பாருங்கள். 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலப்பது. மரங்கள் அதைப் பெரும்பாலும் வேரால் அல்ல, இலைத்துளைகள் வழியே வாங்குகின்றன; இலை உதிரும்போது காட்டுத்தரைக்கு இறக்குகின்றன. ஆலைக்கு எட்ட நின்ற மரப்பட்டைகளின் பாசியிலும் மரப்பாசிக் காளானிலும்கூடப் பாபா அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் பாதரசத்தைத் தேடிக் கண்டார்கள். ஆலை மூடியதோடு அது போய்விடவில்லை.

தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகின் அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணங்களில் செம்புக் கலவை சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். சுரண்டி மறுபூச்சுப் பூசும்போது உதிர்வது சேற்றில்தான் விழும். மேலிருந்து ஊரின் சாக்கடையும் வருகிறது. அங்கே ஓர் அலையாத்தியை வெட்டினால் போவது நிழல் மட்டுமல்ல, வேருக்குக் காற்று இறங்கும் வழியும்தான். சேற்றைத் தோண்டிக் கரையில் கொட்டினால் வெயிலில் கறுப்பு மாறிப் பழுப்பாகும். கந்தகம் பிடியை விட, உலோகம் மழைநீரோடு நடக்கத் தொடங்கும். ஆகவே தூர்வாருமுன் சேற்றைச் சோதியுங்கள், வாரியதை வயலிலும் குளத்தோரத்திலும் கொட்டாதீர்கள் என்று துறைமுகப் பொறுப்பில் இருப்பவர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை பறித்த வெண்கண்டல் இலையை ஆசிரியர் என் நோட்டில் ஒட்டச் சொன்னார். பழுப்பேறிப்போய் இன்னும் இருக்கிறது. காரீயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்ற 2000ஆம் ஆண்டுக்கு வெகு முந்தைய இலை அது. பசுமை போனாலும் உள்ளிருந்த உலோகம் போயிருக்காது. அதே திட்டின் மரத்திலிருந்து இன்று காலை பறித்த இலையும் இந்த உறையில் இருக்கிறது. இரண்டையும் சோதனைக்காக நம் துறை மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன்.