‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லும் முன்
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் இன்ஜினீயராக இருப்பவன், கம்ப்யூட்டர் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது கோர்ட்டைப் பற்றி. நம்ம காலேஜ் ஆட்கள் பலர் அங்கே கிரீன் கார்டோடு இருக்கிறார்கள். அது கையில் இருந்தால் யாரும் நம்மை அசைக்க முடியாது என்று ஒரு நினைப்பு. அது சரியில்லை.

கிரீன் கார்டுக்காரர் குற்ற வழக்கில் தண்டனை பெற்று நாடுகடத்தல் வரை போனால், ‘என்னை இருக்க விடுங்கள்’ என்று குடியேற்ற நீதிபதியிடம் கேட்க ஒரு வழி உண்டு. கார்டு வாங்கி 5 வருஷம், முறைப்படி நுழைந்து தொடர்ந்து 7 வருஷம் ஆகியிருக்க வேண்டும். குடும்பம், வேலை, நடத்தை எல்லாவற்றையும் நீதிபதி எடைபோடுவார். ஆனால் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற பட்டியலில் வரும் குற்றம் என்றால் அந்தக் கதவே திறக்காது.

பேரைக் கேட்டால் கொலை, கொள்ளை என்று தோன்றும். 1996-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு வருஷத் தண்டனை விதிக்கப்பட்ட திருட்டும் அதில் அடக்கம். தண்டனையை நிறுத்திவைத்து, ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் அப்படித்தான்! 365 நாள் என்றால் பட்டியலில் விழும்; 364 என்றால் விழாது. அந்த ஒரு நாளை மனதில் வைத்துத்தான் கலிஃபோர்னியா 2015-லும் நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களுக்கான உச்ச தண்டனையை 364 நாளாக்கின.

ஹோசே பாடியா ஹோண்டுராஸில் பிறந்தவர். 40 வருஷத்துக்கு மேல் சட்டப்படி அமெரிக்காவில் வாழ்ந்தவர். வியட்நாம் போர்க் காலத்தில் அந்நாட்டு ராணுவத்தில் இருந்தவர். லாரியில் கஞ்சா கொண்டுபோன வழக்கு. இத்தனை வருஷம் இருந்தவருக்குக் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். நாடுகடத்தல் தலைமேல் வந்து நின்றது. அந்த அபாயத்தைக் கட்சிக்காரரிடம் வக்கீல் சொல்லியே ஆகவேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இது யாரோ ஒருவர் கதை என்று விட்டுவிடாதீர்கள். கடையில் பொருள் எடுத்த வழக்கில் நம் வீட்டுப் பையனே மாட்டலாம். ‘ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்பார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். கிரிமினல் வக்கீல் மட்டும் போதாது. குடியேற்ற வக்கீலையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று. பெற்றோரில் ஒருவர் சிட்டிசன் ஆனால், அவரோடு கிரீன் கார்டில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையும் தானாகவே சிட்டிசன்தான். பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போச்சு. தகுதி இருந்தும் மனுவைத் தள்ளிப்போடுகிற நண்பர்களே, பிள்ளையின் வயதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.