கொண்டை ஊசி வளைவும் அகலச் சக்கரமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றி, வெளியே வாங்கிய அகலமான அலாய் வீலை மாட்டினால், அது சரியாகப் பொருந்துகிறதா என்பதைச் சேர்வராயன் மலையின் இந்த வளைவுகள் காட்டிக்கொடுத்துவிடும். சமவெளியில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும் தேவை அபூர்வம். இங்கே வளைவுக்கு வளைவு ஒடிக்க வேண்டும். அதே நேரத்தில் வண்டியின் எடை ஒரு பக்கமாகச் சாயும்.

முதலில் கவனிக்க வேண்டியது மொத்த விட்டம். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 225/45 ஆர் 17 போட்டால் 634 வரும். ரிம் பெரிதானாலும் பக்கச்சுவர் குறைவதால் விட்டம் பெரிதாக மாறவில்லை. விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். கியர் விகிதமும் மாறியது போலாகும்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியோடு ஒட்டும் பரப்புக்கும் இடையிலுள்ள தூரம் இது. 7 அங்குல அகலமும் 45 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு, எட்டரை அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ரிம் உள்பக்கம் 9 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம் 29 மில்லிமீட்டரும் நகரும். உள்ளே அது ஷாக் அப்சார்பரை உரசலாம்; வெளியே மட்கார்டு விளிம்பைத் தொடலாம். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை இழுக்கும்.

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும் வண்டியோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். சரியான அளவு வளையம் போட்டால் அது தீரும்.

அகல டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பு பெருமளவு கூடிவிடும் என்பது பரவலான எண்ணம். காற்றழுத்தமும் எடையும் மாறாவிட்டால் பரப்பு ஏறக்குறைய அதேதான். வடிவம் குட்டையாகி, அகலமாகிறது. அதனால் திருப்பத்தில் கார் உடனுக்குடன் திரும்பும். மழையில் இதுவே பாதகம்: டயருக்கு முன்னால் சேரும் நீர் ஒதுங்க அதிக தூரம் போக வேண்டியிருப்பதால், டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கலாம். வளைவுகளில் வேகம் குறைவு. இந்த ஆபத்து மலை இறங்கியபின் நெடுஞ்சாலையில்தான் அதிகம்.

பக்கச்சுவரின் உயரம் குறைந்தால் குழியின் அடி ரிம்மில் விழும். ரிம் வளையலாம், விரிசலும் விடலாம். அகல ரிம் பெரும்பாலும் எடையும் கூடியது. அந்த எடை சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குவதால், மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டுத் துள்ளும்; இறக்கத்தில் பிரேக்குக்கும் வேலை கூடும்.

சட்டமும் இதில் குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே அந்த மாடலின் உயர்ரக வகைக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பானது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும், ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால், வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு, எதிரெதிராக முறுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதிப்பது அவசியம். சேலத்திலிருந்து ஏற்காடு போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும்.