கவசம் தேடிப் போன கூபோ

டிராவிஸ் நைட் முதன்முதலாக இயக்கிய படம், அமெரிக்காவின் லைக்கா நிறுவனம் தயாரித்து 2016-இல் வெளிவந்த 'கூபோ அண்ட் தி டூ ஸ்டிரிங்ஸ்'. பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்துக் கோத்த அனிமேஷன் படம் இது. பழைய ஜப்பானில், ஒற்றைக் கண்ணோடு வளரும் சிறுவன் கூபோ. மறு கண்ணைப் பறித்தவர் அவனுடைய தாத்தாவான சந்திர அரசர். அவரிடமிருந்து தப்ப, உடையாத வாள், மார்புக் கவசம், தலைக்கவசம் மூன்றையும் தேடிப் புறப்படுகிறான். இந்தத் தேடல்தான் படத்தின் முதுகெலும்பு என்று தோன்றும். படத்தில் வலுவற்ற பகுதியும் இதுதான் என்பது என் கருத்து.

தேடல் தொடங்கும் முன் வரும் காட்சிகளைப் பாருங்கள். மலைக்குகையில் நினைவு மங்கிக்கொண்டே போகும் அம்மாவைப் பையன்தான் கவனித்துக்கொள்கிறான். பகலில் ஊர்ச்சந்தைக்குப் போய், ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டுகிறான். காகிதங்கள் தாமே மடிந்து வீரர்களாகிச் சண்டையிடுகின்றன. பொழுது சாய்வதற்குள் குகைக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் கதையை ஒருநாளும் முடிப்பதில்லை. அம்மாவே பாதி மறந்துவிட்ட கதைக்கு அவன் எப்படி முடிவு சொல்வான்? வசனத்தில் விளக்காமல் இந்தத் துயரத்தை நமக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

பயணம் தொடங்கியதும் இந்த நிதானம் கலைந்துபோகிறது. வாள் ஒரு ராட்சத எலும்புக்கூட்டின் மண்டையில் செருகியிருக்கிறது. அந்த எலும்புக்கூடு சுமார் 16 அடி உயரமுள்ள உண்மையான பொம்மை. அதை அசைத்த கைகளை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் வாள் கிடைத்த பிறகு கூபோவிடம் என்ன மாறியது? அடுத்த பொருளைத் தேடிக் கிளம்புகிறான், அவ்வளவுதான். துணைக்கு வரும் குரங்கும் வண்டு வீரனும் அவனுடைய பெற்றோர்களே என்பது தெரியவரும்போது, உலகமே ஒரு குடும்பத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

கவசம் பயன்படாது என்பதைக் காட்டத்தானே இந்தத் தேடல் என்று சிலர் வாதிடலாம். உண்மைதான்; கடைசியில் அம்மாவின் முடி, அப்பாவின் வில்நாண், தன் முடி ஆகியவற்றையே நரம்பாகக் கட்டி வாத்தியத்தை எடுக்கிறான். ஆனால் கைவிடுவது வலிக்க வேண்டுமானால், கைவிடும் பொருள்மீது நமக்குப் பற்று வந்திருக்க வேண்டும். இந்தக் கவசத்தின்மீது அப்படி எதுவும் வரவில்லை. குழந்தைகள் படத்துக்கு இவ்வளவு போதும் என்பதையும் ஏற்க முடியவில்லை. நினைவிழந்த தாயைக் குழந்தைகள் புரிந்துகொள்வார்கள் என்று நம்பிய படம் அல்லவா இது!

அந்த நம்பிக்கை முடிவில் திரும்பி வருகிறது. தோற்ற தாத்தா, நினைவெல்லாம் அழிந்த சாதாரணக் கிழவராக நிற்கிறார். அவரால் ஊரே சிதைந்திருக்கிறது. ஆனாலும் ஊரார் அவரைச் சூழ்ந்துகொண்டு, நீங்கள் இரக்கமுள்ளவர், பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். பொய்தானே என்று கேட்கலாம். அவர் இனி எப்படி வாழ வேண்டும் என்பதை, ஏற்கெனவே அப்படி வாழ்ந்தவரைப்போல அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சந்தையில் முடியாமல் நின்ற கதை இங்கே முடிகிறது. முடித்து வைப்பவர்கள், அன்று அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே ஊர்மக்கள்.