கல்லுக்கு மூத்த கடல்

(திண்டுக்கல்லில் நிகழ்ந்த சொற்பொழிவின் சுருக்கம்)



திண்டுபோற் கிடக்கும் கல்லால் பெயர்பெற்றது இவ்வூர். அக்கல்லினும் மூத்தது கடல் என்றால் வியப்புத் தோன்றும். ஆயினும் அறிவியல் காட்டும் உண்மை அதுவே.

ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகட்கு முன் தோன்றிய நிலவுலகம் பாறைக் குழம்பாய்க் கொதித்தது. அக்குழம்புள் ஒடுங்கியிருந்த நீர் எரிமலை வாய்வழி ஆவியாய் வெளிப்போந்து வானை மூடியது. வான்கற்களும் தம்முள் நீரைச் சுமந்து வீழ்ந்தன. மேற்பரப்புக் குளிரக் குளிர, ஆவி மழையாய்ப் பொழிந்து பள்ளங்களை நிறைத்தது. ஆத்திரேலியாவில் கிடைத்த 440 கோடி ஆண்டு அகவையுள்ள சிர்க்கோன் மணிகள், அந்நாளிலேயே நீர் இருந்தமைக்குச் சான்று பகர்கின்றன.

வால்மீன்களே கடலைக் கொணர்ந்தன என்பாரும் உளர். 2014-இல் உரோசெட்டா விண்கலம் 67பி என்னும் வால்மீனை ஆய்ந்தது. அதன் நீரில் எடைமிகு நீரகத்தின் பங்கு, கடல்நீரில் உள்ளதைப் போல் மும்மடங்கிற்கும் மிகுதி என அன்று அளந்தனர். எனவே அத்தகைய வால்மீன்கள் கடலுக்குத் தாயாதல் அரிது என அந்நாள் கருதினர்.

கடல் பிறப்பதுபோல் மறைவதும் உண்டு. திண்டுக்கல்லுக்கு வடக்கே, பாலைக்காடு தொட்டுக் காவிரிவரை நீளும் நிலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகட்கு முன் ஒரு கடல் மூடுண்டது என்பர் ஆய்வாளர் பலர். பின்னர்க் கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து விலக, இந்தியப் பெருங்கடல் விரிந்தது. மடகாசுக்கர் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன்.

இங்கே ஒன்றை ஒளியாது கூறல் வேண்டும். மடகாசுக்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருந்தமை கண்டு, 1864-இல் சுகிலேட்டர் கருதிய நிலமே இலெமூரியா. நிலத்தட்டுகள் நகர்வது தெளிவானபின் அக்கருத்து வேண்டாததாயிற்று. மாந்தன் தோன்றியதோ ஏறத்தாழ 3 நூறாயிரம் ஆண்டுகட்கு முன்புதான். ஆகவே மூழ்கிய பெருங்கண்டத்தில் தமிழர் வாழ்ந்தனர் எனல் பொருந்தாது. ஆயினும் கடல் நிலத்தைக் கொண்டமை மெய்யே. கடைசிப் பனியூழி தணிந்தபின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. குமரிக்கரையின் தாழ்நிலமும், தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்த நிலமும் நீருள் மறைந்தன.

ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் கூடியதால் கடலை முந்நீர் என்றனர் என்பது உரையாளர் சிலர் கொள்கை. அச்சொல்லின் நுட்பமே தமிழுக்குப் போதிய பெருமை. அதன்மேல் பொய்யை அடுக்குதல் வேண்டா. பொய்மேல் நிறுத்திய பெருமையைப் பகைவன் ஒருசொல்லால் வீழ்த்துவான். மெய்மேல் நின்ற தமிழோ இக்கல்போல் அசையாது நிற்கும்.

இளைஞர்காள்! கடலியலும் நிலவியலும் கற்க! கற்றதைத் தூயதமிழில் எழுதுக!