வைரஸ் ஓட்டும் வண்டி
(ஆரியசாலையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஒரு மாமி, "கான்ஸருக்கு ஊசி வந்துடுத்தாமே?" என்று கேட்டார். அந்தக் காலத்து பி.எஸ்ஸி.யை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

2021-ல் நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிம்பன்ஸிக்கு ஜலதோஷம் தரும் அடினோவைரஸ் அது. பெருகும் சக்தியை நீக்கிவிட்டு, கொரோனாவின் முள்புரதத்துக்கான மரபணுவை அதில் ஏற்றினார்கள். அதற்குப் பதில் புற்றுநோயின் அடையாளத்தை ஏற்றி, எதிர்ப்புச் செல்களிடம் சேர்க்கலாமே என்பதுதான் எண்ணம். ஆனால் கொரோனா அந்நியன். கான்ஸரோ நம் சொந்தச் செல். வீட்டுப் பிள்ளை மேல் காவல்காரன் லேசில் கை வைப்பானா? ஆகவே இவ்வகை ஊசிகள் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி உண்டு, அது வேறு.

வேறொரு வழியில் வைரஸ் வண்டி நம் நாட்டிலேயே ஓடுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, எச்.ஐ.வி. குடும்பத்து லென்டிவைரஸைத் தீங்கற்றதாக்கி, அதன் மூலம் புது மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். வெளிநாட்டில் கோடிகள், இங்கே லட்சங்கள். பென்ஷன்காரருக்கு அதுவும் மலைதான்!

மாமி யாருக்காகக் கேட்டார் என்று பிறகு சொன்னார். அதை இங்கே சொல்லமாட்டேன். கட்டியை வைத்துக்கொண்டு, புது ஊசி வரட்டும் என்று இருக்கிறாராம். ஆர்.சி.சி. 1981 முதல் நம்மூரிலேயே இருக்கிறது. நாளைக் காலையே புறப்படுங்கள் மாமி, துணைக்கு நானும் வருகிறேன்.