சின்னதைச் சொல்லும் சொற்கள்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'சின்னது' என்பதை ஒவ்வொரு பாஷையும் எப்படிச் சொல்கிறது என்பதே இன்றைய விஷயம். வெறும் அளவுதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பாணினிக்கு அப்படித் தோன்றவில்லை. அஷ்டாத்யாயியின் ஐந்தாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், சொல்லின் கடைசியில் சேரும் 'க' என்ற விகுதிக்குப் பல அர்த்தங்களைத் தனித்தனிச் சூத்திரங்களாக வைத்திருக்கிறார். கொஞ்சம் எண்ணெய் என்றால் தைலகம். குட்டை மரம் விருக்ஷகம். மனசு இளகிப் பிள்ளையைக் கூப்பிட்டால் புத்ரகன். அதே 'க', இகழ்ச்சிக்கும் வரும்: அச்வகம் என்றால் குதிரை என்று சொல்லவே லாயக்கில்லாத குதிரை! பிரியமும் ஏளனமும் ஒரே எழுத்தில்.

தமிழ் வேறு வழியில் போயிற்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது சொற்களைத் தருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒட்டிக்கொள்ளும் விகுதி கிடையாது. ஆனால் அகத்துப் பேச்சில் ஒன்று தானாக முளைத்திருக்கிறது: துளியூண்டு, இத்தனூண்டு, குட்டியூண்டு. "துளியூண்டு சாதம் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே பாட்டி கரண்டி நிறையப் போடுவாள். அந்த 'ஊண்டு' எந்த அளவைச் சொல்கிறது?

கல்கத்தா அன்பர்களுக்கு இது புதிதல்ல. வங்காளியில் 'சேலேடா' என்றால் அந்தப் பையன். 'சேலேடி' என்றாலும் அதே பையன்தான், குரலில் கொஞ்சம் பரிவு கூடியிருக்கும். மராட்டியில் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுவதற்கு 'பாதுகலி' என்று பெயர். 'பாத்' என்கிற சாதமே சின்னதாகிவிட்டது.

ஹிந்தியில் 'சோட்டு' இருக்கிறது. வீட்டில் கடைக்குட்டிக்கு அது செல்லப்பேர். டீக்கடையில் கிளாஸ் கழுவும் பிள்ளைக்கும் அதே பேர். அங்கே செல்லம் எதுவும் இல்லை. 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கும் ஹோட்டல், தாபா வேலைக்கும் வைக்கக்கூடாது என்று 2006 அக்டோபரிலேயே தடை வந்தது. பன்னிரண்டு வயதில் சோட்டுவாக வந்தவர் நாற்பதிலும் சோட்டுவாகவே இருப்பதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

வடக்கே மட்டும்தானா? தம்பி தேய்ந்து அம்பி ஆனது. அகத்தில் எத்தனை இதமான வார்த்தை! கல்யாணப் பந்தியில் "அம்பி, ரசம்!" என்று யாரோ குரல் கொடுத்தால் நரை விழுந்த பரிசாரகர் ஓடி வருகிறார். ஆபீஸில் ரிடையர் ஆகும் நாள்வரை ஒருவர் 'பையன்'.

சித்தப்பாவும் சிறிய அப்பாதான். எழுபது வயதிலும் அவர் சித்தப்பாவே, அதனால் அவருக்கு ஒரு குறையும் வருவதில்லை. அந்தச் 'சிறு'வோடு உறவு சேர்ந்திருக்கிறது, அவருக்கென்று ஒரு பெயரும் நமக்குத் தெரியும். பந்தியில் ரசம் கொண்டுவருபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவில் சமையல்காரர்களோடு வரும் உதவியாளர்களின் பெயர்களையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்து, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒட்டிவைக்க வேணும். பரிமாறும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடலாம்.